மேய்ச்சல் நிலமும் வெட்டுக்கிளிப் பெருக்கமும்

புல்வெளிகளில் வெட்டுக்கிளிகள் பெருகிக் கூட்டமாகப் புறப்படுவதற்கு மழையும் காற்றுமே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அவை தின்னும் புல்லில் எந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது, அதே நிலத்தில் எத்தனை கால்நடைகள் மேய்கின்றன என்பனவும் முக்கியக் காரணங்கள் என்பது கடந்த நூறாண்டு ஆராய்ச்சியில் படிப்படியாகத் தெளிவாயிற்று. இக்கட்டுரை அந்த வரலாற்றைச் சீனாவின் உள் மங்கோலியப் புல்வெளியை மையமாகக் கொண்டு விளக்குகிறது.

ஒரே பூச்சி, இரண்டு நிலைகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, கூட்டமாகப் பறக்கும் வெட்டுக்கிளி ஓர் இனம் என்றும், புல்லில் தனியே திரியும் வெட்டுக்கிளி வேறோர் இனம் என்றும் அறிஞர்கள் எண்ணினர். இந்த எண்ணத்தை மாற்றியவர் போரிஸ் உவாரோவ். உரால்ஸ்க் நகரில் பிறந்த இவர், ரஷ்யாவின் ஸ்தாவ்ரபோல் பகுதியில் வெட்டுக்கிளி ஒழிப்புப் பணியில் இருந்தபோது, இரண்டு இனங்கள் எனப்பட்டவற்றுக்கு இடைப்பட்ட வடிவங்களைக் கண்டார். துருக்கெஸ்தானில் பிளாட்னிகோவ் என்பவர் நடத்திய வளர்ப்புச் சோதனைகளும் அதையே காட்டின. 1920இல் லண்டன் சென்ற உவாரோவ், இரண்டும் ஒரே இனத்தின் இரு நிலைகளே என்று 1921இல் எழுதினார். நெருக்கமில்லாத இடத்தில் வளர்ந்தால் 'தனித்த நிலை', நெருக்கத்தில் வளர்ந்தால் 'கூட்ட நிலை'. நிறம், உடலமைப்பு, நடத்தை ஆகிய மூன்றும் இதற்கேற்ப மாறுகின்றன.

அப்படியானால் தனித்துத் திரியும் பூச்சிகளை நெருங்க வைப்பது எது என்ற கேள்வி எழுந்தது. பாலைவன வெட்டுக்கிளியின் பின்னங்கால் தொடையில் அடுத்த பூச்சி அடிக்கடி உரசுவதே தூண்டுதல் என்று பின்னாளில் கண்டறியப்பட்டது. அவ்வாறு உரசும்போது அதன் நரம்பு மண்டலத்தில் செரோடோனின் என்னும் பொருள் மிகுந்து, சில மணி நேரத்தில் நடத்தை மாறிவிடுகிறது என்பது 2009இல் வெளியான ஆய்வின் முடிவு. உணவுச் செடிகள் பரவலாக இருந்தால் பூச்சிகள் விலகியே வாழ்கின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத்திட்டாக இருந்தால் ஒரே செடியில் கூடி உரசிக்கொள்கின்றன. எனவே, நிலத்தில் புல் எப்படிப் பரவியிருக்கிறது என்பது கூட்டத்தின் பிறப்பையே தீர்மானிக்கக்கூடியது.

ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஐயம்

மேய்ச்சலுக்கும் வெட்டுக்கிளிக்கும் தொடர்பு உண்டு என்ற கருத்து 1930களிலும் 1940களிலும் ஆஸ்திரேலியாவில் வலுப்பெற்றது. அங்கு ஆய்வு செய்த பூச்சியியலாளர் கீ, குடியேறியவர்கள் மரங்களை அழித்துச் செம்மறி ஆடுகளைப் பெருமளவில் மேய விட்டதால் நிலத்தின் அமைப்பே மாறியதைச் சுட்டிக்காட்டினார். வெட்டுக்கிளிக்கு முட்டையிட வெற்று மண் வேண்டும். உண்ணவும் ஒதுங்கவும் புல் வேண்டும். கடுமையான மேய்ச்சல் இந்த இரண்டையும் அருகருகே அமைத்துக் கொடுத்துவிட்டது. எனினும், புல்லின் சத்து பற்றிய கேள்வி அப்போது எழவில்லை.

உள் மங்கோலியப் புல்வெளி

உள் மங்கோலியாவின் சிலின்கோல் பகுதி, ஆசியாவின் பெரும் புல்வெளிகளுள் ஒன்று. மங்கோலிய இடையர்கள் ஆடு, மாடு, குதிரைகளுடன் பருவத்துக்கு ஏற்ப இடம் மாறி வாழ்ந்தனர். மேய்ந்த நிலத்துக்கு ஓய்வு கிடைத்தது. 1949க்குப் பின் இடையர்கள் ஓரிடத்தில் குடியமர்த்தப்பட்டனர். கால்நடைகள் பன்மடங்கு பெருகின. 1980களில் மேய்ச்சல் நிலம் குடும்பவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது, வேலிகள் வந்தன. அதன்பின் ஒரே நிலம் ஆண்டு முழுவதும் மேயப்பட்டது. புல் குட்டையாகி, மண் வெளியே தெரிந்து, காற்றில் புழுதியாகப் பறந்தது.

அந்தப் புல்வெளியில் மிகுந்து காணப்படும் வெட்டுக்கிளி ஓடலியஸ் ஏசியாட்டிகஸ் என்பதாகும். அமெரிக்காவின் ஆரியன் சீஸ், சீனாவின் காங் லே உள்ளிட்ட குழுவினர் இதை ஆராய்ந்து, 2012இல் 'சயின்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். பயிருக்குத் தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன் கூடினால் இலையில் புரதம் கூடும், புரதம் கூடினால் அதைத் தின்னும் பூச்சியும் கொழுக்கும் என்பதே அதுவரை இருந்த பொதுக் கருத்து. நெற்பயிருக்கு யூரியாவை அதிகம் போட்டால் பூச்சித் தாக்குதல் கூடும் என்று நம் உழவர்களும் அறிவர். ஆனால் இந்த வெட்டுக்கிளியிடம் நேர்மாறான முடிவு கிடைத்தது. உரமிட்ட புல்லைத் தின்றவை சிறுத்தன, பிழைத்தவையும் குறைந்தன. தேர்ந்தெடுக்க விட்டபோது அவை புரதம் குறைந்த, மாவுச்சத்து மிகுந்த உணவையே நாடின. கால்நடைகள் மிகையாக மேய்ந்த நிலத்தில்தான் புல்லின் நைட்ரஜன் மிகக் குறைவாகவும், வெட்டுக்கிளி மிக அதிகமாகவும் இருந்தன.

ஆடுமாடு மேய்ந்தால் சாணமும் புழுக்கையும் விழுந்து நிலம் வளம்பெறும் அல்லவா என்று கேட்கலாம். கிடை போடும் நம் ஊர் வழக்கத்துக்கு அது பொருந்தும். உள் மங்கோலியாவிலோ வறண்ட குளிர்க் காற்று வீசுகிறது. புல்லின் மூடாக்கு போனதும், சத்துள்ள மேல் மண்ணைக் காற்று அரித்துச் செல்வதே நைட்ரஜன் குறைவுக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். மேலும், மரம் அரிதான அந்த நிலத்தில் காய்ந்த சாணம் அடுப்பெரிக்கவும் பயன்படுகிறது.

மாவுச்சத்தை வெட்டுக்கிளி கொழுப்பாக மாற்றிச் சேமிக்கிறது. நெடுந்தொலைவு பறக்க அந்தக் கொழுப்பே எரிபொருள். ஆகவே நாம் சத்தற்றது என்று கருதும் புல், அதற்குப் பயணக் கட்டுச்சோறு போன்றது. உணவுச் சமநிலை கெட்டால் இந்த இனத்தின் இடம்பெயரும் பண்புகள் குறைகின்றன என்று சீஸ் குழுவினரின் 2017ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பசியால்தான் கூட்டம் புறப்படுகிறது என்ற பழைய விளக்கம் இங்கே பொருந்தவில்லை.

எல்லாப் பூச்சிக்கும் ஒரே விதி இல்லை

இதைப் பொது விதியாகக் கொள்ளக்கூடாது. வட அமெரிக்காவில் 'மார்மன் சிள்வண்டு' எனப்படும் பூச்சி தரையில் பெருங்கூட்டமாக ஊர்ந்து செல்லும். அது வெட்டுக்கிளிக்கு உறவான வேறொரு வகை. அந்தக் கூட்டம் புரதமும் உப்பும் தேடியே நடக்கிறது என்று சிம்ப்சன் குழுவினர் 2006இல் காட்டினர். முன்னால் செல்வதைப் பின்னால் வருவது கடித்துத் தின்ன முயல்வதால், நின்றால் ஆபத்து என்று எல்லாமே நடக்கின்றன. அங்கே கூட்டத்தை நடத்துவது புரதப் பற்றாக்குறை.

மேய்ச்சலின் விளைவும் இடத்துக்கு இடம் வேறுபடும். அமெரிக்காவின் ராக்கி மலை வெட்டுக்கிளி 1870களில் பெரும் அழிவை உண்டாக்கியது. 1875இல் காணப்பட்ட ஒரு கூட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் என்று மதிப்பிடப்பட்டது. இது தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்கு. ஆனால் 1902க்குப் பின் அது உயிருடன் பிடிபடவே இல்லை. மலை ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் அது முட்டையிட்ட இடங்களை, குடியேறியவர்களின் ஏரும் பாசனமும் கால்நடைகளும் அழித்துவிட்டதே காரணம் என்று ஜெஃப்ரி லாக்வுட் விளக்கினார். ஒரு புல்வெளியில் வெட்டுக்கிளியைப் பெருக்கிய கால்நடை, இன்னொன்றில் அதன் மறைவுக்குத் துணைபோயிற்று.

யார் பொறுப்பு?

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டத்தில் 4 கோடி முதல் 8 கோடிப் பூச்சிகள் இருக்கலாம். இப்படிப் பறந்து வரும் கூட்டத்தின்மீது பூச்சிக்கொல்லி தெளிப்பதே இன்றும் முதன்மையான வழி. கூட்டம் உருவாகும் முன்னரே நிலத்தைக் கவனிப்பது இன்னொரு வழி. 2003இல் சீன அரசு, மேய்ச்சலைத் தடுத்தும் கட்டுப்படுத்தியும் புல்வெளியை மீட்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் நோக்கம் மண் அரிப்பைத் தடுப்பது. எனினும் 2012 ஆய்வின்படி பார்த்தால் அது வெட்டுக்கிளிக்கும் தடையாகலாம்.

ஆனால் ஆடுகளைக் குறைப்பது என்றால் இடையரின் வருமானத்தைக் குறைப்பது. நிலம் கெட்டதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்வதும் முறையன்று. இடம் மாறி மேய்க்கும் வழக்கம் கைவிடப்பட்டதும், வேலிகள் வந்ததும் அவர் ஒருவர் எடுத்த முடிவல்ல. தன் நிலத்தில் மண்ணின் சத்தைக் காக்கும் குடும்பமும், எங்கிருந்தோ புறப்பட்டு வரும் கூட்டத்தால் இழப்பைச் சந்திக்கிறது. வெட்டுக்கிளிக்கு வேலி கிடையாது. ஆகையால் இது தனி ஒருவரின் நிலத்தோடு முடியாமல், புல்வெளி முழுவதையும் பகிர்ந்துகொள்வோரின் பொதுப் பொறுப்பாகிறது.