குருமடத்திலிருந்து திரும்பி வந்தவர்கள்

பெரிய மாமாவைப் பற்றிப் பேச்சு வந்தால் பாட்டி ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: “திரும்பி வந்துட்டான்.” எங்கே போனார், ஏன் வந்தார் என்றெல்லாம் சிறுவயதில் எனக்குத் தெரியாது. ஜெயிலுக்குப் போய் வந்தவர் என்றுகூட கொஞ்ச காலம் நினைத்திருக்கிறேன். அவர் போனது சாமியாராகப் படிக்க என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு வருடம் குருமடத்தில் இருந்துவிட்டு, ஒருநாள் பெட்டியோடு எஸ்டேட் வாசலில் வந்து இறங்கியிருக்கிறார்.

இப்போது பூசைக்குப் போனால் இறையழைத்தல் பெருக வேண்டும் என்று மன்றாட்டு வருகிறது. குருமடத்தில் ஆள் குறைகிறது என்ற கவலை. அந்தக் கவலைக்கு எத்தனை வயது என்று தேடப் போய்த்தான் பினாங்கின் காலேஜ் ஜெனரலுடைய கதைக்குள் விழுந்தேன்.

அது பினாங்கில் பிறந்த கல்லூரியே அல்ல. 1665-இல் சயாமின் அயுத்தயாவில் பிரெஞ்சு மறைப்பணியாளர்கள் தொடங்கியது. ஐரோப்பாவிலிருந்து சாமியார்களை இறக்குமதி செய்துகொண்டே இருக்க முடியாது, அந்தந்த ஊர்க்காரர்களே குருக்களாக வேண்டும் என்பதுதான் நோக்கம். பர்மியப் படையெடுப்பில் அயுத்தயாவைவிட்டு ஓடி, சந்தபுரி, பிறகு வியட்நாமின் ஹா தியென் பக்கம் என்று அலைந்து, 1770-இல் அந்தக் குருமடம் வந்து சேர்ந்த இடத்தைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். புதுச்சேரிக்குப் பக்கத்தில் வீராம்பட்டினம். ரோமானிய வணிகத்துக்காக நாம் அறிந்த அரிக்கமேட்டில் ஒரு செங்கல் இடிபாடு நிற்கிறதே, அது இந்தப் பிரெஞ்சு மறைப்பணியாளர்கள் விட்டுச் சென்றது. சீனத்திலிருந்தும் வியட்நாமிலிருந்தும் பையன்களை அவ்வளவு தூரம் கப்பலேற்றி அனுப்புவது லேசான காரியமா? 1780களின் தொடக்கத்தில் அங்கே கதவை மூடிவிட்டார்கள்.

1808-இல் பினாங்கில் மறுபடி திறந்தார்கள். புலாவ் தீக்குஸில் இடம் அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே மாணவர்கள் வந்த வழியைப் பார்த்தால் ஒன்று புரிகிறது. தங்கள் நாட்டில் படிக்க முடியாதவர்கள்தான் இங்கே வந்தார்கள். வியட்நாமில் 1833-இல் மின் மாங் அரசர் கிறிஸ்துவத்தைத் தடைசெய்தார். சீனத்திலும் கொரியாவிலும் நிலைமை அதுதான். பிரிட்டிஷாரின் கையிலிருந்த பினாங்கில் அந்தப் பயமில்லை. வெவ்வேறு மொழி பேசும் பையன்கள் லத்தீனில் படித்து, லத்தீனிலேயே பேசிக்கொண்டார்கள். படித்து ஊர் திரும்பிய வியட்நாமியரில் சிலர் கொல்லப்பட்டுப் பிற்பாடு புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள். இங்கே பாடம் நடத்திய ஆம்பெர், சஸ்தான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் தலைகள் 1839-இல் கொரியாவில் துண்டிக்கப்பட்டன. வகுப்பறை நிறைந்திருந்தது என்றால் எங்கோ வீடு எரிந்துகொண்டிருந்தது என்று அர்த்தம்.

அப்படியானால் வகுப்பறை காலியானது? கொரியாவை எடுத்துக்கொள்வோம். 1882 முதல் 1884 வரை 21 மாணவர்களை அங்கிருந்து பினாங்குக்கு அனுப்பினார்கள். நம்ம ஊர் வெயில் அவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நோய் வந்தது, சிலர் இறந்தார்கள். 1885-இல் கொரியாவிலேயே ஒரு குருமடம் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கொரிய மண்ணில் முதன்முதலாக 1896-இல் குருப்பட்டம் பெற்ற மூவரும் பினாங்கில் படித்தவர்கள். அதன்பின் யாரும் இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. சைகோனிலும் 1860களில் இதேதான் நடந்தது. இருபதாம் நூற்றாண்டில் தாய்லாந்து 1972-இல் தனக்கென ஒரு பெரிய குருமடத்தை அமைத்துக்கொண்டது. சரவாக், சபா மாணவர்களுக்குக் கூச்சிங், சிங்கப்பூருக்கு 1983-இல் தனி குருமடம். அடுத்த ஆண்டு காலேஜ் ஜெனரல் புலாவ் தீக்குஸை விட்டு தஞ்சோங் பூங்காவுக்குப் போனது. ஆசியாவின் பாதியிலிருந்து மாணவர்கள் வந்த இடம் இன்று முக்கியமாகத் தீபகற்ப மலேசியாவின் மூன்று மறைமாவட்டங்களுக்கானது.

இதைச் சரிவு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர்க்காரர்கள் தங்கள் ஊரிலேயே குருக்களாக வேண்டும் என்றுதானே 1665-இல் தொடங்கினார்கள்? இந்தப் பெஞ்சுகள் காலியானது அந்த எண்ணம் பலித்ததால். ஆனால் இன்றைய குறைவு வேறு. பாட்டிக்கு ஏழு பிள்ளைகள்; ஒருவரைச் சாமிக்கு நேர்ந்துவிட முடிந்தது. அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். யாரை அனுப்புவது? இரண்டு குறைவுகளையும் ஒரே வரைகோட்டில் போட்டுப் புலம்பினால் இரண்டுமே புரியாது.

எண்ணிக்கையில் இன்னொரு கோளாறும் உண்டு. சேர்ந்தவர்கள் எத்தனை, பட்டம் பெற்றவர்கள் எத்தனை என்று கணக்கு இருக்கும். நடுவில் போனவர்கள் வெறும் கழித்தல் கணக்கு. 1851-இல் பினாங்குக்கு வந்த வியட்நாமியப் பையன் துரோங் வின் கீ 1858 வரை இங்கே படித்தான். சாமியாராகவில்லை. ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டான். லத்தீன் எழுத்தில் அச்சான முதல் வியட்நாமியச் செய்தித்தாளான ‘கியா தின் பாவ்’-க்கு 1869-இல் ஆசிரியர் பொறுப்பேற்றவர் அவர்தான். அந்த எழுத்தில் வியட்நாமிய உரைநடை வளர்ந்ததைப் பற்றிப் பேசினால் அவரைத் தவிர்க்க முடியாது. குருமடத்தின் கணக்கில் அவர் ஒரு இழப்பு.

போன மாதம் மாமாவைப் பார்க்கப் போனபோது இதைச் சொன்னேன். எழுபத்தெட்டு வயது. குருமடத்திலிருந்து வந்தபின் எஸ்டேட்டில் கிராணியாக இருந்தவர். பர்மிட் மனு, பிறப்புப் பத்திரம், கோர்ட்டுக் கடிதம் என்று முப்பது வருடம் லயத்துக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தவர். காசு வாங்கியதில்லை. அந்த ஆங்கிலமும் அந்தக் கையெழுத்தும் எங்கே கற்றவை என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

காபியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

“அப்ப அவனும் திரும்பி வந்தவன்தானா, மாப்ள?” என்றார்.

“ஆமா மாமா.”

“அவங்க பாட்டி என்ன சொல்லிச்சாம்?”