நெல்லிக்குப்பத்துச் சர்க்கரையும் சர்க்கரை இல்லாத சோடாவும்

கடலூரிலிருந்து பண்ருட்டிக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு நெல்லிக்குப்பம் வந்துவிட்டது என்பதை முதலில் சொல்வது கண் அல்ல, மூக்கு! அரவை நடக்கும் மாதங்களில் கரும்புப்பாகின் வாசனை ஊர் எல்லைக்கு முன்பே வந்துவிடும். பாரி கம்பெனி இங்கே சர்க்கரை ஆலை தொடங்கியது 1842-ம் ஆண்டு. கம்பெனிக்குப் பெயர் தந்த தாமஸ் பாரி அதைப் பார்க்கவில்லை. 1788-ல் சென்னை வந்த அந்த வெல்ஷ்காரர், 1824-லேயே கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கும் பரங்கிப்பேட்டையில் காலராவுக்குப் பலியாகிவிட்டார்.

இந்த மாவட்டத்துக்கும் இனிப்புக்கும் உறவு அத்தோடு முடியவில்லை. பாரி மிட்டாய்கள் வந்ததும் நெல்லிக்குப்பத்திலிருந்துதான் (2004-ல் அந்த மிட்டாய்த் தொழிலை லாட்டே நிறுவனம் வாங்கியது). சிதம்பரம் பக்கம் சேத்தியாத்தோப்பில் கூட்டுறவு சர்க்கரை ஆலை. கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைச் சுமந்து நிற்கும் கோ.சி. 671 என்ற ரகம், சர்க்கரைச் சத்து அதிகம் என்பதற்காகவே மகாராஷ்டிரம் வரை புகழ் பெற்றது.

இப்போது இன்னொரு கணக்கு. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு. கடலூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு இருக்கிறது. ஆலைதான் காரணம் என்று யாரும் முடிச்சுப் போட வேண்டாம். பரம்பரை, மூன்று வேளை அரிசி, உட்கார்ந்தே பார்க்கும் வேலை என்று காரணங்கள் பல. ஆனால் சித்திரை வெயிலில் சிதம்பரம் கீழவீதிக் கடை முன்னால் நிற்கும் ஒரு சர்க்கரை நோயாளியின் பிரச்சினை மிகவும் எளிமையானது. தாகம் எடுக்கிறது. கடையில் இருப்பதெல்லாம் இனிப்பு. என்ன குடிப்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்களின் வரலாறு முழுக்க நாக்கின் வரலாறு. நோயைக் கண்டுபிடித்ததே அப்படித்தான். எறும்பும் ஈயும் மொய்க்கும் சிறுநீரை நம் பழைய வைத்தியர்கள் கவனித்து 'மதுமேகம்' என்று பெயர் வைத்தார்கள். மது என்றால் தேன். 1670-களில் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் அதையே நாக்கில் வைத்துப் பார்த்து, தேன்போல் இனிக்கிறது என்று எழுதினார். 1776-ல் மேத்யூ டாப்சன் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, அடியில் தங்கிய வெள்ளைப் பொடியைச் சுவைத்து, சர்க்கரைதான் என்று உறுதி செய்தார். (இன்றைய லேப் டெக்னீஷியன்கள் நிம்மதிப் பெருமூச்சு விடலாம்!) பிறகுதான் பெனடிக்ட் கரைசல் வந்தது. நீல நிறக் கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீரை விட்டுக் கொதிக்க வைத்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று மாறும். சிவப்பு வந்த அன்று வீட்டில் காபி கசக்கும்.

இனிப்பிகள் கண்டுபிடிக்கப்பட்ட கதை இன்னும் வேடிக்கை. 1879-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தாரெண்ணெயிலிருந்து கிடைக்கும் பொருட்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஃபால்பெர்க், கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி இனித்தது. ஆய்வகத்துக்கு ஓடிப்போய் மேஜையில் இருந்த கிண்ணங்களையெல்லாம் நக்கிப் பார்த்தார். அப்படிக் கிடைத்தது சாக்கரின். 1937-ல் மைக்கேல் ஸ்வேடா ஆய்வக மேஜையில் வைத்த சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்தபோது சைக்லமேட் கிடைத்தது. 1965-ல் ஜேம்ஸ் ஷ்லாட்டர் ஒரு காகிதத்தை எடுக்க விரலை நக்கியபோது அஸ்பார்டேம்.

நாலாவது கதையின் நாயகர் நம் நாட்டுக்காரர். 1976-ல் லண்டன் குயீன் எலிசபெத் கல்லூரியில் பேராசிரியர் லெஸ்லி ஹஃப்பிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார் சசிகாந்த் பட்னிஸ். சர்க்கரையில் குளோரினைச் சேர்த்து உண்டாக்கிய பொருளை "டெஸ்ட்" செய்யச் சொன்னார்கள். அவர் காதில் விழுந்தது "டேஸ்ட்". எடுத்து வாயில் போட்டுவிட்டார்! சர்க்கரையைவிட சுமார் 600 மடங்கு இனிக்கும் சுக்ரலோஸ் பிறந்தது இப்படி. அந்த ஆராய்ச்சியில் கூட்டாளி டேட் அண்ட் லைல், அதாவது ஒரு சர்க்கரைக் கம்பெனி.

இந்த இனிப்பிகள் சோடாவுக்குள் வந்தது 1952-ல். நியூயார்க்கின் புரூக்ளினில் சோடா வியாபாரம் செய்துவந்த ஹைமன் கிர்ஷ், நாட்பட்ட நோயாளிகளுக்கான ஒரு மருத்துவமனையின் நிர்வாகத்திலும் இருந்தார். அங்கிருந்த சர்க்கரை நோயாளிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் குடிக்கத் தகுந்ததாக ஒன்று வேண்டும் என்று, சோடியம் இல்லாத கால்சியம் சைக்லமேட்டைச் சேர்த்து 'நோ-கால்' பானத்தைக் கொண்டுவந்தார். நோயாளிகளுக்காகச் செய்ததை உடம்பு இளைக்க நினைத்தவர்கள் வாங்கிக் குவித்தார்கள். பெரிய கம்பெனிகள் சும்மா இருக்குமா? 1963-ல் கோகோ கோலாவின் 'டேப்' வந்தது. 1969-ல் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது என்று அமெரிக்காவில் சைக்லமேட்டுக்குத் தடை விதிக்க, எல்லோரும் சாக்கரினுக்குத் தாவினார்கள். அதன் பின்சுவை உலோகத்தை நக்கியதுபோல் இருக்கும் என்பது அன்றைய புகார்.

அந்தப் புகார் கற்பனையல்ல. நாக்கில் கசப்பை உணரும் ஏற்பிகளில் சிலவற்றைச் சாக்கரினும் தூண்டுகிறது. அந்த ஏற்பிகள் ஆளுக்கு ஆள் மாறுவதால் ஒருவருக்குக் கசப்பது அடுத்தவருக்குக் கசக்காது. அஸ்பார்டேம் மெதுவாக இனிக்கத் தொடங்கி, விழுங்கிய பிறகும் போகாமல் நிற்கும். அதனால்தான் அதோடு சட்டென்று இனிக்கும் அசிசல்பேம் பொட்டாசியத்தைக் கலக்கிறார்கள். இன்னொன்று, சர்க்கரை வெறும் இனிப்பு மட்டுமல்ல, கனமும்கூட. 330 மில்லி கோலா டின்னில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. வாளித் தண்ணீரில் போட்டால் சாதா டின் மூழ்கும், டயட் டின் மிதக்கும். செய்து பாருங்கள். அந்தக் கனம் இல்லாததைத்தான் குடிப்பவர்கள் "தண்ணியா இருக்கு" என்கிறார்கள்.

சுவை பார்ப்பதற்கும் முறை உண்டு. 1940-களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையில் உருவான முக்கோணச் சோதனையில் மூன்று கோப்பைகள் வைப்பார்கள். இரண்டில் ஒரே பானம், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு பங்கு சரியாகிவிடும். அதைவிட அதிகம் பேர் சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்டு என்று அர்த்தம். கண்ணைக் கட்டாமல், பாட்டிலைக் காட்டிவிட்டுக் கேட்கும் அபிப்பிராயங்களுக்கு மதிப்புக் குறைவு. நம் ஊரில் இன்னொரு சிக்கல், வெயில். சூட்டில் அஸ்பார்டேம் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து இனிப்பு குறையும். கடை வாசலில் நாள்கணக்கில் காயும் பாட்டிலும் குளிர்பெட்டியில் இருந்த பாட்டிலும் ஒரே சுவையாக இருக்காது.

இனிப்பை நாக்கிலிருந்தே அழிக்கும் வித்தையும் தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியும். சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போட்டதுபோல் இருக்கும். சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் சும்மா வரவில்லை. ஊட்டியில் அரசாங்கத்தின் கொயினா வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர் 1887-ல் அந்த இலையை ஆராய்ந்து, வேலை செய்யும் பொருளுக்கு ஜிம்னீமிக் அமிலம் என்று பெயரிட்டார். ஆனால் நாக்கு ஏமாறுவது வேறு, இரத்தத்தில் சர்க்கரை குறைவது வேறு. மாத்திரையை நிறுத்திவிட்டு இலையை நம்புவது ஆபத்து. பனங்கற்கண்டும் வெல்லமும் "சுகருக்கு ஆகும்" என்று சொல்லி விற்பதும் அதே வகைதான்; இரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ், நெல்லிக்குப்பத்து மூட்டையில் இருப்பதேதான்.

டயட் பானம் நல்லதா என்றால் பதில் பாதிதான் கிடைக்கும். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அஸ்பார்டேமைப் 'புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை' பட்டியலில் சேர்த்தது. அதே சமயம், எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை இன்னொரு குழு மாற்றவில்லை. அதே ஆண்டு மே மாதம், எடையைக் குறைக்க இனிப்பிகளை நம்ப வேண்டாம் என்று வந்த பரிந்துரையில், ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்று தனியாகச் சொல்லியிருந்தார்கள். பத்திரிகைத் தலைப்புகளில் அந்த வரி காணாமல் போனது!

சர்க்கரை நோயாளி கட்டாயம் சர்க்கரை குடிக்க வேண்டிய நேரமும் ஒன்று உண்டு. இன்சுலினோ மாத்திரையோ போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது, "அவருக்கு சுகர் இருக்கு" என்று பதறி, கடைக்காரர் டயட் பானத்தை நீட்டினால் எந்தப் பயனும் இல்லை. நினைவு இருந்து விழுங்க முடிந்தால், வேண்டியது 15 கிராம் அசல் சர்க்கரை. சாதா கோலா என்றால் 150 மில்லி, வீட்டுச் சர்க்கரை என்றால் மூன்று தேக்கரண்டி. கால் மணி நேரம் கழித்தும் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.