திருக்கைத் துறைமுகம்



ஆஸ்திரேலியாவின் சிட்னி விமான நிலையத்தை ஒட்டியுள்ள நீர்ப்பரப்பின் பெயர் பாட்டனி விரிகுடா. பாட்டனி என்றால் தாவரவியல். "கடலுக்கு ஏன் ஐயா செடிகொடிகளின் பெயர்?" என்று என் மாணவன் ஒருவன் வினவினான். விடை தேடப் புகுந்த எனக்கு, அப்பெயருக்கு முன்பு அங்கே ஒரு மீனின் பெயர் இருந்தது தெரியவந்தது.

1770 ஏப்ரல் 29 அன்று ஜேம்ஸ் குக் எண்டெவர் கப்பலில் வந்து அங்குக் கரையிறங்கினார். அக்குடாவில் திருக்கை மீன்கள் மிகுந்திருந்தன. மே 6 அன்று பிடிபட்ட இரு திருக்கைகள் சேர்ந்து ஏறத்தாழ 600 பவுண்டு, அதாவது 270 கிலோகிராம் எடை இருந்தனவாம். எனவே, 'திருக்கைத் துறைமுகம்' என்றே குக் முதலில் பெயரிட்டார். உடன் வந்த ஜோசப் பேங்க்ஸ், டேனியல் சொலாண்டர் ஆகியோர் திரட்டிய புதிய தாவரங்களைக் கருதிப் பின்னர் அதை மாற்றினார். மீனின் பெயர் மறைந்தது. செடியின் பெயர் நிலைத்தது.

அக்கரைக்கு உரியவர்கள் குவீகல் பழங்குடியினர். திருக்கையின் மிச்சம் எதையும் அவர்களுடைய அடுப்புகளின் அருகே காணவில்லை என்பதால், அவர்கள் அதனை உண்பதில்லை என்று குக் கருதினார். கரையிறங்க வந்தோரை அம்மக்களில் இருவர் எதிர்த்து நின்றனர். துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் காயமுற்றார். குடிசைகளின் அருகே கிடந்த ஈட்டிகளில் நாற்பது ஐம்பதை வந்தவர்கள் எடுத்துச் சென்றனர். அவை நஞ்சு தோய்ந்தவையோ என்ற ஐயமும் அவர்களுக்கு இருந்தது. ஆராய்ந்தபோது, நான்கு முனைகளுக்கிடையே கடற்பாசி சிக்கியிருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை மீன் குத்தும் கருவிகளே என்று பேங்க்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதினார். உண்மை தெரிந்த பின்னரும் ஈட்டிகள் கப்பலிலேயே இங்கிலாந்து சென்றன.

அவற்றுள் எஞ்சிய நான்கு, 1771 முதல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்கு உரியவையாக இருந்தன. 2024 ஏப்ரலில்தான் அவை அம்மக்களின் வழித்தோன்றல்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒருவேளை உணவுக்கான கருவி வீடு திரும்ப ஏறத்தாழ 254 ஆண்டுகள்!

அவ்விரிகுடாவின் பழம்பெயர் கமேய். இன்று அங்குள்ள தேசியப் பூங்கா அப்பெயரையும் தாங்கி நிற்கிறது. மறுநாள் வகுப்பில் மூன்று பெயர்களையும் கரும்பலகையில் எழுதினேன். "எது ஐயா சரியான பெயர்?" என்றான் அதே மாணவன். "யார் முதலில் அங்கே மீன் பிடித்தார்கள் என்று கேள்" என்றேன்.

வரலாற்றைப் படிக்கும் நாமும் அதைத்தான் கேட்க வேண்டும்.