இரண்டுக்கும் மூன்றிலொன்றுக்கும் நடுவில ஒரு இடைவெளி

போன விடுமுறைக்குக் கனடாவில இருந்து வந்த மச்சாள் ஒரு வரைபுக் கணிகருவி கொண்டு வந்திருந்தாள். எங்கட பக்கம் சாதாரண தரத்துக்கு மடக்கை அட்டவணையோட மல்லுக்கட்டின எனக்கு அது பெரிய புதினம். 2⅓ ஐ 6 ஆல் பெருக்கவேணும். அவள் 2(1/3)×6 எண்டு அடிச்சாள். விடை 4. நான் தாளில செய்தேன், 14. "மெசின் பிழை விடாது" எண்டு அவள் தன்ட தாளில 4 எண்டே எழுதினாள்.

மெசின் பிழை விடேல்லை. அது வேற ஒரு வழக்கத்தில வாசிச்சது.

கலப்பெண்ணில் முழு எண்ணும் பின்னமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கூட்டல் என்று அர்த்தம். இது மிகப் பழைய வழக்கம். கி.மு. 1550 அளவில் அகமோசு படியெடுத்த பப்பிரசுச் சுருளிலேயே எகிப்தியர் பின்னங்களை அடுத்தடுத்து எழுதித்தான் கூட்டினார்கள். 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் எழுதிய லீலாவதியின் முறையில் முழு எண் மேலே, அதன் கீழே தொகுதி, அதற்கும் கீழே பகுதி. நடுவில் கோடு இல்லை. அதே நூற்றாண்டில் மக்ரிபைச் சேர்ந்த அல்-ஹஸ்ஸார் பின்னக் கோட்டைப் பயன்படுத்தினார். 1202இல் பிபொனாச்சி அதை ஐரோப்பாவுக்கு எடுத்துப் போனபோது, அரபு வழக்கப்படி பின்னத்தை முழு எண்ணுக்கு இடப்பக்கம் எழுதினார். எழுதும் இடம் மாறினது, கூட்டல் மாறவில்லை. எங்கட வாயிலும் அதுதானே: ஒன்றரை, இரண்டே கால், மூன்றே முக்கால். "சக" எண்டு யார் சொல்லுறம்?

குழப்பம் அட்சரகணிதத்தோட வந்தது. 1637இல் டெக்கார்ட் தன் வடிவகணித நூலில் எழுத்துக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெருக்கலைக் காட்டினார். அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. ஆக ஒரே இடைவெளிக்கு இரண்டு அர்த்தம்: எண்கணித வகுப்பில் கூட்டல், அட்சரகணித வகுப்பில் பெருக்கல். ஆறாம் வகுப்பில் ஒன்றைப் படிப்பித்துவிட்டு, அடுத்த வருடங்களில் மற்றதைப் படிப்பிக்கிறோம். இரண்டும் மோதும் இடத்தை ஒருவரும் காட்டித் தருவதில்லை.

1985இல் காசியோவின் எஃப்எக்ஸ்-7000ஜி வந்தது. அதுதான் முதல் வரைபுக் கணிகருவி. 1990இல் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-81, 2004இல் டிஐ-84 பிளஸ். சமன்பாட்டை வரையத்தான் இவை பிறந்தவை, ஆகவே இவற்றின் தாய்மொழி அட்சரகணிதம். பழைய டிஐ-84இல் கலப்பெண்ணுக்கென்று இடமே இல்லை. 2+1/3 என்று அடித்து, பின்னமாக்கும் கட்டளையைக் கொடுத்தால் 7/3 என்ற முறைமையில்லாப் பின்னம்தான் வரும். பிறகு வந்த, புத்தகத்தில் உள்ளபடி காட்டும் மென்பொருளில்தான் வழி திறந்தது: அல்பா விசை, அடுத்து மேல் வரிசையின் முதல் விசை. திறக்கிற பட்டியலில் இரண்டாவதைத் தெரிந்தால், முழு எண், தொகுதி, பகுதி என மூன்று பெட்டி. நாலாவது, விடையைக் கலப்பெண்ணாகவும் முறைமையில்லாப் பின்னமாகவும் மாற்றித் தரும்.

அந்தப் பட்டியல் இல்லாத கருவி எண்டால் கூட்டல் அடையாளத்தைப் போடுங்கோ, அதோட அடைப்பையும் மறக்காதேங்கோ. 2+1/3×6 எண்டு அடிச்சாலும் 4 தான் வரும், ஏனெண்டால் பெருக்கல் முதல் நடக்கும். (2+1/3)×6 எண்டால் 14. மறை எண்ணில இன்னும் கவனம்: −2⅓ ஐ −2+1/3 எண்டு அடிச்சால் −5/3 வரும், −(2+1/3) எண்டால்தான் −7/3.

மச்சாளுக்கு இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுப்போட்டு, "அப்ப ஏன் எங்களுக்கு ரெண்டையும் ஒரே மாதிரி எழுதப் பழக்கினவை?" எண்டு கேட்டாள். 4 எண்டு எழுதின பிள்ளைக்குச் சிவப்புப் பேனையால கோடு போட முதல், நாங்கள் பதில் சொல்லவேண்டிய கேள்வி அது.