இரண்டு மருந்துகள் சேர்ந்தால் இதயத் துடிப்பு ஏன் குறைகிறது?

ரத்த அழுத்தத்திற்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு மாத்திரை, படபடப்புக்குத் தனியார் கிளினிக்கில் இன்னொரு மாத்திரை, கண் அழுத்தத்திற்கு மலாக்கா மருத்துவமனையில் சொட்டு மருந்து. புக்கிட் பெருவாங் வட்டார முதியவர்கள் இப்படி வெவ்வேறு இடங்களில் மருந்து வாங்குவதுண்டு. நம் நாட்டில் தனியார் கிளினிக்குகள் மருந்தையும் தாங்களே கொடுத்துவிடுகின்றன. அதனால் எல்லா மருந்துகளையும் சேர்த்துப் பார்க்க இடையில் ஒரு மருந்தாளுநர் இல்லாமல் போகலாம்.

ஓய்வாக இருக்கும்போது பெரியவர்களின் இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும். அட்ரினலின் இந்தத் துடிப்பை வேகப்படுத்தும். அதைத் தடுப்பவை 'பீட்டா பிளாக்கர்' மருந்துகள். அடெனோலோல், மெட்டோபுரோலோல், பைசோபுரோலோல் என இவற்றின் பெயர்கள் பெரும்பாலும் 'லோல்' என்று முடியும். இவற்றில் முன்னோடியான புரோபுரானோலோலை 1960களில் உருவாக்கியவர் சர் ஜேம்ஸ் பிளாக். 1940களின் இறுதியில் சிங்கப்பூரில் விரிவுரையாளராக இருந்த அவர், 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

வெராபமில், டில்டியாசெம் ஆகியவை வேறு வழியில் வேலை செய்கின்றன. துடிப்பைத் தூண்டும் இதய அணுக்களுக்குள் கால்சியம் நுழைவதை இவை குறைக்கின்றன. தனித்தனியே நல்ல மருந்துகள்தான். ஆனால், பீட்டா பிளாக்கருடன் சேரும்போது இரண்டு பிரேக்கையும் ஒரே நேரத்தில் மிதித்ததுபோல் ஆகிவிடும். துடிப்பு மிகவும் குறையலாம். ரத்த அழுத்தமும் இறங்கலாம்.

ஒரு மருந்து மற்றொன்றை உடலில் தேங்க வைப்பதும் உண்டு. டிகோக்ஸின் சாப்பிடுபவருக்கு வெராபமில் அல்லது அமியோடரோன் கொடுத்தால், ரத்தத்தில் டிகோக்ஸின் அளவு ஏறும். மருத்துவர்கள் அதன் அளவைக் குறைத்துக் கொடுப்பது இதனால்தான்.

பலர் மருந்துக் கணக்கில் சேர்க்காதது கண் சொட்டு மருந்து. டிமோலோலும் ஒரு பீட்டா பிளாக்கர்தான். கண்ணிலிருந்து மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்தினால், உடலுக்குள் போகும் அளவு குறையும்.

கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். துடிப்பு 50க்குக் கீழே போய், தலைசுற்றலும் சோர்வும் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 999ஐ அழையுங்கள்.

பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தினால், இதய நோயாளிகளுக்கு நெஞ்சுவலியோ மாரடைப்போ வரக்கூடும். மருத்துவர்கள் தெரிந்தே இரண்டையும் சேர்த்துக் கொடுத்துக் கண்காணிப்பதும் உண்டு. எந்தக் கிளினிக்கிற்குப் போனாலும் சொட்டு மருந்து உட்பட எல்லா மருந்துகளையும் ஒரே பையில் எடுத்துச் சென்று, "இவையெல்லாம் ஒன்றாகச் சேருமா?" என்று கேளுங்கள்.