ஓஜாவும் டாயினும்: மந்திரத் தொழிற்பெயர்களின் வரலாறு

மனிதரைப் போலவே சொற்களுக்கும் வாழ்வு தாழ்வு உண்டு. நல்ல குடியிற் பிறந்து இழிந்த சொல்லும் உண்டு. இழிந்து கிடந்து பின்னர் ஏற்றம் பெற்ற சொல்லும் உண்டு. வடபுலத்தில் வாழும் நம் காதில் ஜாதூ, ஓஜா, டாயின் என்னும் மூன்று சொற்கள் அடிக்கடி விழுகின்றன. மூன்றும் மந்திரத் தொழிலைச் சார்ந்தவை. இவற்றின் பிறப்பையும் போக்கையும் ஈண்டுச் சிறிது காண்போம்.

மூன்றனுள் மூத்தது ஜாதூ. இருக்கு வேதத்தில் ‘யாது’ என்பது தீய மாயத்தைக் குறிக்கும். அதனைக் கையாள்வோன் ‘யாதுதானன்’. ஏழாம் மண்டிலத்து 104ஆம் பாடலில் ஒருவன் சூளுரைக்கின்றான். தான் யாதுதானனாயின் இன்றே மடியட்டும் என்கிறான். பொய்யாகத் தன்னை அவ்வாறு அழைத்தவன் தன் மக்களை இழக்கட்டும் என்றும் சபிக்கின்றான். மந்திரவாதி என்ற பழிச்சொல்லுக்கு அஞ்சி ஒரு மனிதன் எழுப்பிய மிகப் பழைய குரல்களுள் இஃது ஒன்று. மாயத்தினும் அப்பெயரே அவனை அச்சுறுத்தியது என்பதை நாம் கருத வேண்டும்.

ஈரானியரின் அவெத்தாவிலும் ‘யாது’ என்ற சொல் தீப்பொருளிலேயே வழங்கியது. அது பாரசீகத்தில் ‘ஜாதூ’ ஆகி, பின்னாளில் இந்திய மொழிகளுட் புகுந்தது. காலம் அதன் நஞ்சைக் களைந்துவிட்டது. வங்கத்துப் பி. சி. சர்க்கார் (1913–1971) ‘ஜாதுச் சக்கரவர்த்தி’ என்ற பட்டத்தோடு உலக மேடைகளில் வலம் வந்தார். பழிப்பெயர் புகழ்ப்பெயராயிற்று.

அடுத்து ஓஜா. பேயோட்டுவோனையும், வேப்பிலை கொண்டு மந்திரிப்போனையும் வடநாட்டுச் சிற்றூர்களில் ஓஜா என்பர். இதன் மூலம் ‘உபாத்தியாயர்’ என்னும் வடசொல். பிராகிருதத்தின் வழியே தேய்ந்து ஓஜா ஆயிற்று. நம் அலுவலக நண்பர் பலர் தாங்கும் ஓஜா, ஜா ஆகிய குடும்பப் பெயர்களும் அதன் வழி வந்தவையே. நம் ‘வாத்தியாரும்’ அவ்வேரிற் கிளைத்தவரே! பள்ளியில் எழுத்தறிவிப்பவரும் சிற்றூரில் பேயோட்டுபவரும் சொல்முறையில் உடன்பிறந்தார் எனின் வியப்பன்றோ?

மூன்றாவது டாயின். வங்கத்தில் டாயினி, இராசத்தானத்தில் டாகன் என வழங்கும் இச்சொல் ‘டாகினி’ என்பதன் திரிபு. தாந்திரிக நூல்கள் டாகினியைக் காளியின் ஏவற்பெண் என்கின்றன. திபெத்தியப் பௌத்தரோ அவளை வான்வழிச் செல்பவள் என்று போற்றி, ஞானம் அருளும் தெய்வமாக வணங்குகின்றனர். அங்கே தெய்வப் பெயர். இங்கே கொலைக்கு முன் உரைக்கும் பெயர்!

ஓஜா ஆண், டாயின் பெண். ஆணின் பெயர் குடும்பப் பெயராய் மதிப்புப் பெற, பெண்ணின் பெயர் தீராப் பழியாயிற்று. இவ்விரு சொற்களும் கூடும் இடத்தில்தான் கொடுமை விளைகின்றது. ஊரில் ஒரு குழந்தை நோயுறும், மாடு மடியும். ஓஜா காரணம் உரைப்பான். அவன் சுட்டும் பெண் பெரும்பாலும் கைம்பெண்ணாகவோ, துணையற்ற முதியவளாகவோ, சிறிது நிலம் உடையவளாகவோ இருப்பாள்.

நம் அகப்பாடல்களிலும் தலைவியின் காதல் நோயை முருகு அணங்கியது என்று வேலன் பிழைபடக் கூறுவதுண்டு. தோழி அவனை எள்ளி நகையாடுவதும் உண்டு. ஆயின் வெறியாட்டில் பலியானது ஆட்டு மறி. இங்கே பலியாவது பெண்.

சட்டம் வாளாவிருக்கவில்லை. மேவார் நாட்டில் 1853இலேயே டாகன் கொடுமை தடை செய்யப்பட்டது. பீகார் 1999இல் தனிச் சட்டம் இயற்றியது. சார்க்கண்டு 2001இல் அதனை ஏற்றது. சத்தீசுகட்டில் ‘டோனஹி’ என்ற வட்டாரப் பெயராலேயே 2005இல் சட்டம் எழுந்தது. ஒடிசா 2013இலும், இராசத்தானமும் அசாமும் 2015இலும் தொடர்ந்தன.

கோப்புகளோடு வாழும் நமக்குப் பீகார்ச் சட்டத்தின் சொல்விளக்கம் நின்று நோக்கத்தக்கது. டாயின் என்பவள் மாயம் வல்லவள் என்று அது கூறவில்லை. பிறரால் டாயின் என்று சுட்டப்பட்ட பெண் என்றே கூறுகின்றது. அவ்வாறு சுட்டுவதையே குற்றமாக்கி, மூன்று மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கின்றது. தண்டனை சிறிதே, ஆயினும் பெயரில்தான் கொலை தொடங்குகிறது என்ற உண்மையை அது கண்டுகொண்டது. சத்தீசுகட்டுச் சட்டம் அத்தண்டனையை மூன்றாண்டு வரை உயர்த்தியது.

டாயின் எனப் பழிக்கப்பட்டு ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட சார்க்கண்டின் சுட்னி மகதோ, பின்னர் அவ்வாறு பழிசுமந்த பெண்களுக்குப் புகலானார். அசாமின் பீருபாலா ராபா இக்கொடுமையை எதிர்த்து ஊர் ஊராகச் சென்றார். இருவருக்கும் 2021இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. பீருபாலா 2024இல் மறைந்தார்.

ஜாதூ தன் நஞ்சை இழக்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. டாயின் என்ற சொல்லுக்கு அத்துணைக் காலம் அளித்தல் தகாது. ‘சூனியக்காரி’ என்ற சொல்லை வசையாக வழங்கும் நாமும் நம் நாவைக் காத்தல் நன்று.