கழிவுத்தொட்டி (டிரக் கேம்பர்)

பிக்கப் வண்டியின் சரக்குத் தளத்தில் ஏற்றிச் செல்லும் குடியிருப்புக் கூட்டில் கழிவுநீரைத் தேக்கிவைக்கும் பிளாஸ்டிக் கலம். வட அமெரிக்காவில் பரவலான இக்கூடுகளில், கழிப்பறைக்குக் கருந்தொட்டியும் குளியல், சமையல் நீருக்குச் சாம்பல்தொட்டியும் பெரும்பாலும் தனித்தனியே அமையும். கருந்தொட்டியின் 3 அங்குல வால்வைத் திறந்தே வைத்தால் நீர் மட்டும் வடிந்து, மலம் அடியில் மேடுகட்டி இறுகும். வால்வை மூடி, நிறைய நீர் விட்டு ஊறவைத்த பிறகே அது கரையும். காலிசெய்த பின்னும் அளவுகாட்டி ‘நிறைவு’ என்று காட்டினால், உணரிமுனையில் காகிதம் ஒட்டியிருக்கக்கூடும். கூட்டின் நன்னீர்க் குழாய்கள் மூடியிருந்தும் அவற்றுக்கு நீர் தள்ளும் 12 வோல்ட் பம்பு விட்டுவிட்டு ஓடுவது கசிவின் அல்லது ஒருவழி வால்வுப் பழுதின் அறிகுறி. நாற்றம் வந்தால் தொட்டியையே குறைசொல்வது வழக்கம். ஆனால் வடிகுழாய் வளைவில் நீர் வற்றினாலும் அதே நாற்றம் வரும். உறைபனிக் காலத்துக்கு முன் நீரை வடிக்காவிட்டால் குழாய்கள் வெடிக்கலாம்.